வண்டி என்ன குடுக்குது?

ரயில்வே கேட் போட்டுவிட்டான். கண்ணெதிரே போட்டான். சிவப்பும் வெள்ளையுமாக அந்தக் கட்டை ஆடி ஆடி இறங்க, கோகிலவாணி பிரேக்கை மிதித்த மிதியில் நடு சீட்டில் இருந்த மாமனார் பெல்ட்டோடு ஒரு தடவை முன்னால் சாய்ந்து பழையபடி பின்னால் போனார். "ஒண்ணுமில்லீங்க மாமா, கேட்டுங்க" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. அவர் இடது கையைத் தூக்கிச் சரி என்று காட்டினார். வலது கை மடியில் அது பாட்டுக்குக் கிடந்தது. தண்ணீர் கேன் ஏற்றிய அந்த ஆட்டோக்காரன் நடுரோட்டில் நிறுத்திக்கொண்டு எவனிடமோ கதை பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் கேட்டைத் தாண்டி வீட்டுக்கே போயிருக்கலாம். அவனுக்கென்ன, ஊரே அவன் வீட்டு வாசல். சித்திரை வெயில் கண்ணாடி வழியாகத் தொடையில் விழுந்து சுட்டது. சுற்றி வந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக இஞ்சினை அணைத்தார்கள். பைக்குகள் அணைந்தன, இளநீர் ஏற்றிய குட்டியானை வேன் அணைந்தது, டவுன் பஸ்கூட ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு அணைந்தது. அவள் அணைக்கவில்லை. அணைத்தால் ஏசி போய்விடும், ஏசி போனால் பின்னால் இருக்கிறவருக்கு மூச்சு வாங்கும். ஆகவே அந்தக் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது இவளுடைய இஞ்சின் ஒன்றுதான், ஏழு பேர் உட்காருகிற அந்தப் பெரிய வெள்ளை வண்டியின் இஞ்சின். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் எண் எரிந்துகொண்டிருந்தது. எட்டு புள்ளி ஆறு. லிட்டருக்கு எட்டு புள்ளி ஆறு கிலோமீட்டர். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு எதற்கு எண்? ஆனால் நிற்கிறபோதுதான் அது இறங்கும். அவள் பார்க்கிறாளே என்றே இறங்கும். பார்க்கக் கூடாது என்று கேட் கீப்பர் ரூம் சுவரில் ஒட்டியிருந்த காதுகுத்து போஸ்டரைப் படித்தாள், தாய்மாமன்மார் பெயர்களையெல்லாம் ஒன்று விடாமல் படித்தாள், படித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். எட்டு புள்ளி ஆறு.

வண்டி என்ன குடுக்குது? இந்த ஊரில் இதுதான் முதல் கேள்வி. கல்யாண வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பார்கள். என்ன விலை என்று கேட்கக் கூச்சப்படுகிறவன்கூட என்ன குடுக்குது என்று கூசாமல் கேட்பான். வண்டி என்னவோ காமதேனு மாதிரியும் இவர்கள் சொம்பை ஏந்திக்கொண்டு நிற்கிற மாதிரியும். கேட்டவுடன் அவள் புருஷன் தனபாலுக்கு முகம் மலரும். "ஹைவேல பதினேழு குடுக்குதுங்க." பதினேழு! அந்தப் பதினேழு எப்படி வருகிறது என்று இவளைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்திருப்பார். டிக்கியைத் திறப்பார். அவருடைய பம்ப்செட் கடை சாம்பிள் மோட்டார் ஒன்று அதில் கிடக்கிறது, பார்ட்டிக்குக் காட்ட வேண்டும் என்று போன தீபாவளிக்கு ஏற்றியது, ஒரு ஆள் தம் பிடித்துத்தான் தூக்க முடியும். அதை இறக்கி போர்ட்டிகோவில் வைப்பார். மாமாவின் வீல்சேரை இறக்குவார். காற்றுப் பிடிப்பார். பங்காளி ஒருத்தரை மட்டும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, பைபாஸ் ஏறினதும் பட்டனை அழுத்தி எண்ணை ஜீரோ பண்ணுவார். ஜீரோ பண்ணிவிட்டு உடுமலையோ பழனியோ, கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, எண்பதைத் தாண்டாமல், மணப்பெண்ணை அழைத்து வருகிறதுபோல ஓட்டுவார். திரும்பி வந்ததும் திரையை போட்டோ பிடித்து குடும்ப குரூப்பில் போடுவார். பதினேழு புள்ளி இரண்டு, கைகூப்பு ஒன்று, சிரிப்பு மூன்று. அப்புறம் மறுபடியும் ஜீரோ. "உன்ற கணக்கு உனக்கு, என்ற கணக்கு எனக்கு" என்பார். மோட்டார் மறுபடி டிக்கியில் ஏறும். வீல்சேர் ஏறும். திங்கட்கிழமை காலையில் இவளுடைய கணக்கு ஆரம்பிக்கும். மகள் தாரிணியை டியூஷனில் விட்டு, மாமாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய், வழியில் அரிசி, காய், கேஸ் அடுப்பு ரிப்பேர், சந்துக்குள் நுழைந்து சந்துக்குள் திரும்பி, முதல் கியர், இரண்டாம் கியர், நில், முதல் கியர், இந்தக் கேட். வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் வந்து திரையைப் பார்ப்பார், இவள் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால். அதையும் போட்டோ பிடித்து குரூப்பில் போடுவார். "நான் ஓட்டுனா குடுக்குது, இவ ஓட்டுனா குடிக்குது." நாத்தனார் சிரிப்பாள், கொழுந்தன் சிரிப்பான், எங்கேயோ துபாயில் இருக்கிற பெரியம்மா பையன் சிரிப்பான். ஒரு எழுத்துத்தான் மாறுகிறது. குடுக்குது, குடிக்குது. அந்த ஒரு எழுத்துக்குள் இவளுடைய ஒரு வாரம் போய்விட்டது.

கால் கனமாம். "உனக்குக் கால் கனம், ஆக்சிலேட்டர்ல வெச்சா எடுக்கவே மாட்டேங்கற." தலைக்கனம் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறாள், கூடவே குடித்தனம் நடத்தியிருக்கிறாள், கால்கனம் என்று ஒரு வியாதி இருப்பது இந்த வண்டி வந்தபிறகுதான் தெரிந்தது. கனமான கால் எது என்று அவருக்குத் தெரியுமா? அவர் அப்பாவுடைய வலது கால். அது ஒரு மனுஷனுடைய கனம். அதைத் தூக்கி உள்ளே வைத்தால்தான் கதவு சாத்தும். முதலில் ஆளைப் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும், அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து உள்ளே திருப்ப வேண்டும், அப்புறம் முழங்காலுக்கு அடியில் ஒரு கை, குதிகாலுக்கு ஒரு கை, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும். ஒரு தடவையாவது தூக்கியிருக்கிறாரா? "எனக்கு இடுப்பு புடிச்சுக்குமுல்ல." பம்ப் மோட்டாரைத் தூக்கினால் பிடிக்காத இடுப்பு. பழைய சின்ன வண்டி இருந்ததே, அதில் மாமாவை ஏற்றின நாளை நினைக்க வேண்டாம் என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள். ஸ்ட்ரோக் வந்த அன்று காலை. பாத்ரூம் வாசலில் விழுந்து வாய் கோணிக் கிடந்தவரை இவளும் தாரிணியும் இழுத்து வந்து ஏற்ற, பின் சீட்டில் தலையும் இடுப்பும் போய்விட்டன, கால் போகவில்லை. மடக்கினால் மடங்கவில்லை. கதவைச் சாத்தாமல் தாரிணி கீழே தொங்கின காலைப் பிடித்துக்கொண்டு உட்கார, இவள் ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது பெருவிரல் தோல் உரிந்திருந்தது, எங்கேயோ ரோட்டில் உரசியிருக்கிறது. அவருக்கு வலி தெரியவில்லை. தெரியாதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் இந்தப் பெரிய வண்டி. அப்பாவுக்காக என்று தனபால் ஊரெல்லாம் சொன்னார். ஜோசியரிடம் போனார். உங்க கட்டத்துல வாகன யோகம் இல்லீங்க, இரும்பு ஆகாது, வீட்டம்மா பேர்ல எடுங்க, அவங்களுக்கு யோகம் உச்சத்துல இருக்குது என்று அவர் சொல்ல, வண்டி கோகிலவாணி பேரில் வந்தது. யோகம் இவளுக்கு, மைலேஜ் அவருக்கு. கம்பெனிக்காரன் புத்தகத்தில் பதினாறு என்று போட்டிருந்ததாம். அவன் எங்கே ஓட்டிப் பார்த்தானோ. குளிர்ந்த ஹாலில், உருளைமேல் சக்கரத்தை நிறுத்தி, எந்த ஊருக்கும் போகாமல் நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள் என்று தாரிணி சொன்னாள். அந்த ஹாலில் கேட் கிடையாது. குறுக்கே நாய் வராது. மாமனார் கிடையாது. அப்படி ஒரு ஹாலில் ஓட்டினால் இவள்கூடப் பதினெட்டு கொடுப்பாள், இருபது கொடுப்பாள், கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

எட்டு புள்ளி ஐந்து. இறங்கிவிட்டது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கூடவே இறங்கியது, அதுதான் அவளுக்கு ஆத்திரம். அவருக்கு அந்த எண் முக்கியமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும், இவளுக்கு ஏன் வயிறு கலங்க வேண்டும்? ராத்திரி கண்ணை மூடினால்கூட அந்தப் பச்சை எண் வருகிறது. மேட்டில் ஏறும்போது இவளே மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், இவள் மூச்சைப் பிடித்தால் டீசல் மிச்சமாகிற மாதிரி. நாற்பத்தி மூன்று வயது, எம்.காம்., வகுப்பு எடுத்தவள், பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னவள். "அம்மிணி" என்றார் மாமா பின்னாலிருந்து. "குளுருது." கண்ணாடியில் பார்த்தாள். சட்டைக் காலர் நனைந்திருந்தது. நெற்றி ஓரம் மினுமினுவென்று இருந்தது. வெயில் இறங்குகிற பக்கம் அவர் பக்கம், மூன்றில் ஓடுகிற ஏசி அங்கே எட்டவில்லை. "குளுருது, அணை." அவருக்கு வார்த்தைகள் இன்னும் சரியாக வரவில்லை, உகரமும் இகரமும் ஒன்றாகக் குழைந்துவிடும். ஒரு நாள் தண்ணி குடு என்று கேட்டது தண்ணி குடி என்று வர, இவள் எடுத்துத் தானே குடித்துவிட்டு "ஆச்சுங்க மாமா" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்தது பாதி வாயில்தான், ஆனால் சிரித்தார். அப்படிப்பட்டவருக்குக் குளுருது மட்டும் சுத்தமாக வருகிறது. பழகி வைத்திருக்கிறார். போன மாதம் இதே கேட்டில்தான் முதல் தடவை சொன்னார். இவளும் நம்பினாள். வயசான உடம்பு, ரத்த ஓட்டம் இல்லாத பக்கம் குளிரும் என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொல்லியிருந்தாள். அணைத்தாள். ரயில் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் தலை ஒரு பக்கம் தொங்கி, உதடு வெளுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் தெளித்து, கன்னத்தைத் தட்டி, மாமா மாமா என்று இவள் கத்தின கத்தலுக்குப் பக்கத்து வண்டிக்காரன் எல்லாம் இறங்கி ஓடி வந்தான். கண்ணை விழித்ததும் அவர் எட்டிப் பார்த்தது எதை? இவள் முகத்தையல்ல. இவள் தோளுக்கு மேலாக அந்தத் திரையை. அப்போதுதான் விளங்கியது. ராத்திரி ராத்திரி ஹாலில் மகன் சொல்லுகிற குடிக்குது, குடிக்குது எல்லாம் கட்டிலில் படுத்திருக்கிற அவர் காதில் விழுந்திருக்கிறது. வாய்தான் போயிற்று, காது போகவில்லை. தன்னால் மருமகள் பேச்சு வாங்குகிறாள் என்று, வெந்துகொண்டிருக்கிற மனுஷன் குளிருகிறது என்கிறார். மில்லில் ஃபிட்டராக முப்பது வருஷம் வேலை பார்த்தவர், வெள்ளியங்கிரி என்றால் மானேஜர் எழுந்து நிற்பாராம். அவரைப் பொய் சொல்ல வைத்த எண் அது. "குளுரலீங்க மாமா. வேகுது. சும்மா இருங்க" என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது அவர்மேல் கோபப்பட்டுவிட்டோமே என்று அதற்கு ஒரு கோபம் வந்தது.

தடதடவென்று கூட்ஸ் வந்தது. பெட்டி பெட்டியாக, எந்த அவசரமும் இல்லாமல், நிலக்கரி. ஒருத்தனாவது அதை நிறுத்தி நீ என்ன குடுக்கற என்று கேட்பானா? கடைசிப் பெட்டி போயிற்று, பைக்குகள் உறுமின, கட்டை எழும்பவில்லை. இன்னொன்று வருகிறதாம். பைக்குகள் மறுபடி அணைந்தன. குட்டியானைக்காரன் இறங்கி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவளுடைய வண்டியை, ஓடுகிற இஞ்சினை, ஒரு மாதிரியாகப் பார்த்தான். பாருடா. நன்றாகப் பார். இன்றோடு இந்தப் பார்வையும் முடிந்தது. தனபால் இதை விற்கப் போகிறார். நேற்று ராத்திரி தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார், உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்கிற தோரணையில். "வண்டிய குடுத்தர்லாம்னு இருக்கறேன். சூலூர்ல ஒருத்தர் கேக்கறாரு. டவுனுக்கு இது லாயக்கில்ல, நீ ஓட்டுனா கட்டுபடியாகாது. ஒரு சின்ன வண்டியா எனக்கு எடுத்துக்கறேன். உனக்கு ஸ்கூட்டி போதுமுல்ல?" மாமாவுக்கு? "அப்பாவ வாரத்துக்கு ஒருக்கா ஆம்புலன்ஸ்காரன் வெச்சுக் கூட்டிட்டுப் போலாம். இல்லாட்டி வீட்டுலயே கையக் கால நீவி உட்டாப் போச்சு." நீவி விட்டால் போச்சு! யார் நீவுவது? போன வாரம் திங்கட்கிழமை அந்த வலது கை கரண்டியைப் பிடித்தது. பிடித்தது, தூக்கியது, பாதி வழியில் சாய்ந்து ரசம் சாதமெல்லாம் மடியில் கொட்டியது, பிசியோதெரபிப் பெண் கைதட்டினாள், இவளும் தட்டினாள், கொட்டினதற்கு யாராவது கைதட்டுவார்களா என்று மாமா வெட்கப்பட்டார். வாரம் மூன்று நாள் விடாமல் வந்தால் ஆறு மாதத்தில் தானாகச் சாப்பிடுவார், இடையில் விட்டால் வந்ததும் போய்விடும், இறுகிப்போன கை இறுகினதுதான் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இதைத் தனபாலிடம் சொன்னாள். நேற்றே சொன்னாள், தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். அவர் தட்டில் கை கழுவிவிட்டு, "எட்டரை குடுக்கற வண்டிய வெச்சுட்டு எவனாச்சும் குடித்தனம் நடத்துவானா?" என்றார். அப்போது இவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்கத் தோன்றியது. வாக்கியம் வாக்கியமாக, பாயிண்ட் பாயிண்டாகத் தோன்றியது. சொன்னதென்னவோ, "இன்னொரு தோசை ஊத்தட்டுங்களா?" என்பதுதான். அந்தத் தோசையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலையும் டாங்கில் ஊற்ற முடிந்தால் இந்த வண்டி ராமேஸ்வரம் போய்த் திரும்பும்.

போன் அடித்தது. வண்டிக்குள் போன் அடித்தால் நான்கு பக்கமும் அடிக்கும், ஸ்பீக்கரில் கேட்கும், அது தனபாலே செட் பண்ணிக் கொடுத்தது. மாமா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எங்க இருக்கற?"

"கேட்லீங்க."

"மறுக்காவும் கேட்டா? இஞ்சின் ஆஃப்தான?"

இஞ்சின் அவளுக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்தது.

"ஓடுது, இங்க கேக்குது. சரி, சண்டைக்கு நேரமில்ல, நான் சொல்றதக் கேளு. சூலூர்க்காரர் சாயங்காலம் வாரேன்னவரு இப்பவே கெளம்பிட்டாரு. நீ நேரா வீட்டுக்கு வராத. பைபாஸ் ஏறி, ஜீரோ பண்ணிப்போட்டு, நீலம்பூர் வரைக்கும் போயிட்டு வா. எண்பதுலயே புடி. ஒரு பதினேழு காட்டோணும். ஏசிய அணைச்சுரு."

"மாமா இருக்காருங்க."

"அப்பா செத்த நேரம் தாங்கிக்குவாரு. கண்ணாடிய எறக்கி உடு, காத்து வரும்."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். மாமா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பேசுகிறான் என்ற சந்தோஷத்தில் அவர் முகம் முதலில் கொஞ்சம் விரிந்திருந்தது. அது மடங்குவதைப் பார்த்தாள். பிறகு அவர் மெதுவாக, யாரோ கேட்டுவிட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "குளுருது" என்றார்.

"பாரு, அவரே சொல்றாரு!" என்றார் தனபால். "இரு இரு, சூலூர்க்காரரே லைன்ல வாராரு. ஓட்டறது நீதான்னு சொன்னேன், ஒரு வார்த்தை கேக்கோணுமாம். நல்லாச் சொல்லு."

டொக் என்று ஒரு சத்தம். புதுக் குரல் வந்தது, கொஞ்சம் தயங்கின குரல். "வணக்கமுங்க. நான் சூலூர் மகுடபதிங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். வண்டி என்ன குடுக்குதுங்க?"

"பதினேழுங்க" என்றார் தனபால். "சொல்லு கோகிலா."

எட்டு புள்ளி நான்கு. அது இறங்கின அந்த நொடியில் வயிறு இறங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நேற்று வாயை அடைத்த தோசை எங்கேயோ போய்விட்டது. "எட்டுங்க" என்றாள். "எட்டு புள்ளி நாலு. கண்ணுக்கு முன்னால எரியுது, பாத்துட்டுத்தான் சொல்றேன். என்ற மாமனாருக்குக் கை கால் வராதுங்க, அவரை வெச்சுக்கிட்டு, அவர் சேரை வெச்சுக்கிட்டு, எங்க வீட்டுக்காரர் பம்ப் மோட்டாரையும் வெச்சுக்கிட்டு, ஏசி போட்டுட்டு, கேட்ல நிக்கறமுங்க. அதுக்குத்தான் எட்டு குடுக்குது. ஒரு ஆளாப் பழனிக்குப் போனாப் பதினேழு குடுக்குமுங்க. நீங்க எதுக்குப் போறீங்கன்னு நீங்கதான் பாத்துக்கோணும்."

ஆயிற்று, விற்பனை போயிற்று. ராத்திரி வீடு இரண்டாகும், ஆகட்டும். ஸ்பீக்கரில் தனபால் மூச்சு விடுவது நான்கு பக்கமும் கேட்டது. அப்புறம் சூலூர்க்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சேர் மடக்காம உள்ள போகுமுங்களா?" என்றார். "எங்கம்மாளுக்கு இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஆறு மாசமாச்சுங்க. சின்ன வண்டில ஏத்தறதுக்குள்ள அது அழுகுது, நானும் அழுகறேன்." கேட்டவுடனே அவள் வாய் தன்னால் சொல்லத் தொடங்கிவிட்டது, பின் சீட்டை மடக்கினால் சேர் அப்படியே போகும், ஆளை முதலில் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும், அப்புறம்தான் கால், குதிகாலை விட்டுவிடக் கூடாது, விட்டால் கதவு இடிக்கும். எல்லாம் சொன்னாள். யாரும் இதுவரை கேட்டதில்லை. "உண்மையச் சொல்ற எடத்துல எடுத்தா நல்லாருக்கும்னு எங்கம்மா சொல்லும்" என்றார் அந்த மனுஷன். "இந்த வண்டியே எடுத்துக்கறனுங்க. எட்டு குடுத்தாப் போதும்."

தனபால் சிரித்தார். குரூப்பில் சிரிக்கிற அதே சிரிப்பு, மூன்று சிரிப்பு. "பாத்தீங்களா, என்ற வீட்டுக்காரி வாயில பொய்யே வராது. அதுக்குத்தான் அவகிட்டயே குடுத்தேன். நேரா வாங்க, பேசி முடிச்சர்லாம்."

உண்மையைச் சொன்னதும் போயிற்று. அதையும் எடுத்து விற்றுவிட்டார். சூலூர் அம்மாளை நினைத்தால் பாவமாக இருந்தது, அந்தப் பாவத்தின்மேல் ஏறிக்கொண்டு அவர் சிரிப்பது ஸ்பீக்கர் ஸ்பீக்கராகக் கேட்டது. கையெழுத்துப் போடு என்று காகிதத்தை நீட்டுவார், சாயங்காலம், டீ டம்ளர் பக்கத்தில். இவளும் வழக்கம்போல... வழக்கம்போல என்ற இடத்தில் மனசு முட்டி நின்றது. நேற்று ஊற்றின அந்த இன்னொரு தோசை. கையெழுத்து யாருடையது? ஆர்சி யார் பேரில்? யோகம் யாருக்கு?

"ஏனுங்க" என்றாள். "வாகன யோகம் எனக்குத்தானுங்களே?"

"என்ன?"

"ஜோசியர் சொன்னாருல்லங்க. வண்டி என்ற பேர்லதான் இருக்குது. நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"கோகிலா, வீட்டுல வந்து பேசிக்கலாம். லைன்ல ஆள் இருக்குது."

"இருக்கட்டுங்க. நீங்க குரூப்ல போடறப்ப நூறு பேர் இருக்காங்க." அவள் கையை ஸ்டியரிங்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். "சூலூருங்களா, கேட்டுக்கங்க. நல்ல வண்டிங்க. உங்கம்மாளுக்கு இதேமாதிரி ஒண்ணு எடுத்துக்குடுங்க. ஏத்தறதுக்குச் சந்தேகம் இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க, நானே வந்து காட்டறேன். ஆனா இது விக்கறதுக்கில்லீங்க."

போனை அணைத்தாள். உடனே மறுபடி அடித்தது. அதையும் அணைத்தாள். கன்னம் நனைந்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை, துடைக்கவும் தோன்றவில்லை. ராத்திரி என்ன ஆகும் என்கிற பயம் எங்கேயோ இருந்தது, வரிசையில் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிற வண்டி மாதிரி, அது தன் முறை வரும்போது வரட்டும். கேட் இன்னும் திறக்கவில்லை. குட்டியானைக்காரன் இளநீர் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மிணி."

கண்ணாடியில் பார்த்தாள். மாமா இடது கையால் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். வார்த்தையைத் தேடி உதடு இரண்டு தடவை குவிந்து குவிந்து விரிந்தது.

"வே...குது" என்றார். "கூட்டு."

அவள் ஏசிக் குமிழை மூன்றிலிருந்து நான்குக்குத் திருப்பினாள். பின்னால் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசி வரைக்கும் திருப்பினாள். இஞ்சின் சத்தம் ஒரு படி ஏறியது. அவருடைய நரைத்த முடி காற்றில் எழும்பியது, கண்ணை மூடிக்கொண்டார். திரையில் எண் மாறியது. எட்டு புள்ளி மூன்று.

குடிக்கட்டும்.